முறை வைத்து ஓதியவர்கள்

 

சென்ற மாதம் சங்கக் கூடத்தில் மஃரிபுக்குப் பிறகு நான் பேசியதை எழுத்தில் தரும்படி நம் காரியதரிசி அவர்கள் இரண்டு தடவை கடைக்கு வந்து கேட்டுவிட்டார். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் சில வருஷம் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும்தான் என் படிப்பு. பிறகு தராசைப் பிடித்த கை இன்னும் அதை விடவில்லை. ஆகையால் இதில் மார்க்கச் சட்டம் எதுவும் நான் சொல்ல வரவில்லை. ஆலிம்களிடம் கேட்டும் நூல்களில் பார்த்தும் தெரிந்துகொண்டதையும், என் வீட்டில் நடந்ததையும் மட்டுமே சொல்லுகிறேன். தவறிருந்தால் ஹஸரத்மார்கள் திருத்துவார்களாக.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் தாதியாகவும், மருந்தகத்திலும், முதியோர் இல்லத்திலும், சமூக நல இலாகாவிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நம் பிள்ளைகள் சிலர் பகுதி நேரமாகப் பட்டப் படிப்புப் படிக்கிறார்கள். சனி, ஞாயிறு வகுப்பு. இரவில் கம்ப்யூட்டர் முன்னால் பாடம். காலையில் வேலை. இவர்களைப் பற்றி நம்மவர் பேசுகிற பேச்சு என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. “முப்பத்தைந்து வயதில் என்ன படிப்பு?” “பிள்ளை குட்டியை யார் பார்ப்பது?” “சம்பளம்தான் வருகிறதே, இனி என்ன வேண்டுமாம்?” இந்த மூன்று கேள்வியையும் முதலில் கேட்டவர்களில் நானும் ஒருவன். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் இல்மைப் பற்றிய பாகத்தில் ஒரு செய்தி வருகிறது. மதீனாவின் மேட்டுப் பக்கத்தில், அவாலீ என்னும் பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களுடைய பள்ளிவாசலுக்கு அங்கிருந்து தூரம் அதிகம். பக்கத்து வீட்டில் ஓர் அன்ஸாரித் தோழர். இருவருக்கும் பிழைப்பு இருந்தது, குடும்பம் இருந்தது. தினமும் போய் உட்கார முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் உமர் (ரலி) இறங்கிப் போவார்கள். அன்று இறங்கிய வஹீயையும் கேட்ட செய்தியையும் மாலையில் வந்து அண்டை வீட்டாருக்குச் சொல்லுவார்கள். மறுநாள் அவர் போவார். வந்து இவர்களுக்குச் சொல்லுவார்.

இரண்டு பங்காளிகள் ஒரு கடையை முறை வைத்துப் பார்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காலை ஒருவர், மாலை ஒருவர். கல்லாப் பெட்டிச் சாவி கை மாறும். இவர்கள் இல்மையே முறை வைத்துப் பங்கு போட்டவர்கள். அபூஹுரைரா (ரலி) போன்ற திண்ணைத் தோழர்கள் முழு நேரமும் பள்ளிவாசலிலேயே தங்கி ஓதினார்கள்; மக்காவிலிருந்து வந்தவர்களில் பலர் கடைத்தெருவிலும், அன்ஸாரிகள் தங்கள் தோட்டங்களிலும் இருந்தார்கள் என்று அந்த அபூஹுரைரா (ரலி) அவர்களே சொன்னதாகவும் வருகிறது. திண்ணையில் இருந்தவர்களின் சிறப்பு பெரிது. ஆனால் நாள் விட்டு நாள் வந்த உமர் (ரலி) அவர்களுடைய இல்ம் அரை இல்ம் என்று சொல்ல யாருக்காவது நாக்கு வருமா?

பெண்களின் காரியமும் அப்படியே. ஆண்கள் தங்களை முந்திக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களைச் சூழ்ந்துகொள்ளுகிறார்கள், தங்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று பெண்மக்கள் போய்க் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து, அந்நாளில் அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். வீட்டு வேலை இருக்கிறதே, அடுப்பு இருக்கிறதே என்று அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு என்பது நேற்று வந்த புதுமை அன்று.

நான் ஷாபி மத்ஹபைச் சேர்ந்தவன். என்றாலும் கடைக்காரன் என்ற முறையில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கூஃபா நகரத்தில் ஜவுளி வியாபாரம் செய்தவர்கள். கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்த வாலிபரை இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் பார்த்து, உலமாக்களின் சபைக்குப் போகும்படி திருப்பிவிட்டார்கள். ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் ஏறத்தாழ 18 வருஷம் ஓதினார்கள். கடையை விற்றுவிட்டு ஓதவில்லை. வியாபாரமும் நடந்தது, ஓதலும் நடந்தது. (ஹனஃபி சகோதரர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் தங்கள் பக்கம் எண்ணிக்கொள்ள வேண்டாம்.)

இனி என் வீட்டுச் சங்கதி.

எனக்கு ஒரே தங்கை. மூன்று வருஷ டிப்ளோமா முடித்து, தாதிமை வாரியத்தில் பதிந்து, வேறு மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். வாப்பா மவுத்தான பிறகு அவளுக்கு வாப்பா ஸ்தானத்தில் நான்தான். 2015ல் பினாங்குக்கு மாறி வந்தவுடன், “காக்கா, வார இறுதியில் போய்ப் படித்தால் சில வருஷத்தில் பட்டம் எடுக்கலாம். பிள்ளைகளைச் சனிக்கிழமை மட்டும் ராத்தா பார்த்துக்கொள்ளுவார்களா? முதல் தவணைக் கட்டணத்துக்குக் கொஞ்சம் கடன் தருவீர்களா?” என்று கேட்டாள். ராத்தா என்றது என் மனைவியை. அவள் வாய் திறப்பதற்குள் நான் மேலே சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டு முடித்துவிட்டேன். மச்சான் நல்ல மனிதர். காக்கா சரியென்றால் சரி என்று இருந்தார். காக்கா சரியென்று சொல்லவில்லை. அவளும் மறுவார்த்தை பேசவில்லை. அவள் கொண்டுவந்த படிவத்தை நான் அன்று சர்க்கரைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

2018ல் எங்கள் உம்மாவுக்குக் கால் மரத்துப்போகிறது, எரிகிறது என்று தொல்லை. இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்தால் கேட்கும் என்று நம் வீடுகளில் சொல்லுவது வழக்கம் அல்லவா? தங்கை டியூட்டியிலிருந்து போனில், “வெந்நீர் வேண்டாம் காக்கா, உம்மாவுக்குச் சூடு தெரியாது” என்றாள். “நீ உன் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, என் கையாலேயே ஊற்றினேன். உம்மா சுகமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். மறுநாள் கொப்புளம். பத்து நாளில் புண். பிறகு இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் உம்மாவுடன் இரவு தங்கியிருந்தபோது நாற்பதைக் கடந்த ஒரு மலாய்த் தாதியம்மாள் வந்தார். கையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் நூல். உம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடத்தில் அதன் நுனியை வளையும் வரை அழுத்தி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். அந்த நூல் 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்டதாம். அந்த அழுத்தம் தெரியாத காலுக்கு முள்ளும் தெரியாது, கொதிநீரும் தெரியாது. உம்மா ஏழு இடத்தில் தெரியவில்லை என்றார்கள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அதே அம்மாள் மேஜை விளக்கில் சில தாள்களைப் படித்துக்கொண்டிருந்தார். கட்டில் மணி ஒன்று அடித்தவுடன் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்ததும், “என்ன மிஸ்ஸி, இந்த நேரத்தில்?” என்று கேட்டேன். இது தன் இடைவேளை என்றும், சனிக்கிழமை பரீட்சை என்றும் சொன்னார். “இந்த வயதிலா?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “இருபது வருஷமாகச் செய்கிறேன் பாங். ஏன் செய்கிறேன் என்று இப்போதுதான் படிக்கிறேன்” என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சர்க்கரைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்த படிவம் ஞாபகம் வந்தது.

மூஸா (அலை) அவர்கள் நபி. அவர்களோடு அல்லாஹ் பேசினான். அப்படிப்பட்டவர்களே தமக்குத் தெரியாத ஒன்று வேறொரு அடியாரிடம் இருக்கிறது என்று அறிந்து, பயணச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கடலோரம் நடந்து போய், கற்றுத் தாருங்கள் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கஹ்பு சூரா ஓதுகிற நாம் இந்த இடத்தை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்போம்! தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை அதுதான்.

2019ல் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். இந்த நாட்டில் இதற்கு வழி புதிதல்ல. நம் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகம் 1971லேயே தொலைக்கல்வியைத் தொடங்கியது. வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலிருந்தே பாடம் வாங்கிப் படித்தார்கள். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000ல் 11 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஏற்படுத்தியது. டிப்ளோமா உள்ள தாதிகள் வேலையை விடாமல் தாதிமைப் பட்டம் படிக்க அங்கே வகுப்பு இருக்கிறது. சுல்தான் அகமது ஷா சாலையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் யீப் சோர் ஈ குடும்பத்தாரின் பழைய மாளிகையில்தான் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த வழியாக எத்தனை தடவை லாரியில் சரக்கு ஏற்றிப் போயிருக்கிறேன்! உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. சிங்கப்பூரிலுள்ள நம் உறவுக்காரப் பெண் ஒருத்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் சமூகப் பணிப் பட்டம் படிக்கிறாள். அவள் படிக்கிற இடம் 2005ல் யூனிசிம் என்று தொடங்கி, 2017ல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாயிற்று. பள்ளிப் படிப்புச் சான்றிதழ் குறைவாக இருந்தாலும், 21 வயதைக் கடந்து பல வருஷம் வேலை பார்த்தவர்களின் அனுபவத்தை அளந்து பார்த்துச் சேர்க்கிற ஏற்பாடும் இங்கே உண்டு. ஏப்பல் என்று அதற்குப் பெயர். தாதிமைப் பட்டத்துக்கு மட்டும் டிப்ளோமாவும் பதிவும் இருந்தாக வேண்டும். நியாயம்தான், உயிர் விஷயம்.

“பட்டம் வாங்கினால் கட்டிலில் கிடக்கிறவனுக்கு என்ன லாபம்?” என்று கேட்கலாம். நானும் தங்கையிடம் கேட்டேன். அவள் பாடத்தில் வந்த ஓர் ஆராய்ச்சியைக் காட்டினாள். 2014ல் லான்செட் என்னும் வைத்திய சஞ்சிகையில் வந்தது. ஐரோப்பாவில் 9 நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 4,22,730 நோயாளிகள். பட்டம் படித்த தாதியர் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், 30 நாளைக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்ததாம். அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு தாதியின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும் அந்த வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. ஆகவே படிக்க வைப்பதோடு காரியம் முடிவதில்லை. ஆளும் போதுமான அளவு இருக்க வேண்டும். பட்டம் ஒன்றேதான் காரணம் என்று அடித்துச் சொல்லக் கூடாது என்றும் அவளே எச்சரித்தாள். கணக்கை இப்படிச் சந்தேகப்பட்டுப் பார்க்கவும் அங்கேதான் கற்றுக்கொடுத்தார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. கொள்முதல் சீட்டை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வைத்தியம் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் சிலராவது கற்றிருக்காவிட்டால் ஊரே குற்றத்துக்கு ஆளாகும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதைச் சொல்லி, தம் காலத்து மக்கள் இந்தக் கடமையை விட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டிருக்கிறார்கள். அகழ் யுத்தத்தில் காயம்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை எங்கே கிடத்தினார்கள்? பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி போட்டிருந்த கூடாரத்தில். அருகில் இருந்து விசாரித்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே அப்படி ஏற்பாடு செய்தார்கள். தாதி வேலையைத் தாழ்வாகப் பேசி, அதனால் பெண் கேட்டு வரத் தயங்குகிற குடும்பங்கள் நம்மில் இன்னும் சில இருக்கின்றன. அவர்களுக்கு இந்தக் கூடாரத்தை யாராவது ஞாபகப்படுத்தினால் நல்லது.

இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை. மனம் நோகக் கூடாது.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்ததைக் கீழே தள்ளி மூடியிருந்தான் வியாபாரி. மோசடி செய்கிறவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்ற கருத்தில் அங்கேயே கண்டித்தார்கள். இந்த ஹதீஸ் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பாடக் கட்டுரையைக் காசு கொடுத்து யாரையோ எழுத வைப்பதும், கம்ப்யூட்டரை எழுதச் சொல்லி உங்கள் பெயரைப் போட்டுக் கொடுப்பதும் எந்தக் குவியல்? அரிசியில் ஈரம் இருந்தால் வாங்கினவன் திரும்பக் கொண்டுவந்து சண்டை போடுவான். மருந்தளவு தெரியாத பட்டதாரியிடம் வந்த நோயாளி திரும்பி வந்து சண்டை போடமாட்டான். இரவு வேலையும் களைப்பும் எனக்குத் தெரியாததல்ல. முடியாவிட்டால் ஒரு தவணை தள்ளிப் போடுங்கள். என் தங்கை 2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடையில் நின்ற மாதங்களில் ஒரு தவணையை விட்டுவிட்டாள். பட்டம் ஓடிப் போய்விடவில்லை; 2024ல் வந்தது.

டியூட்டி நேரம் நோயாளிக்குக் கொடுத்த அமானத்து. அதில் பாடப் புத்தகம் விரிக்கக் கூடாது. அந்த மலாய் அம்மாள் இடைவேளையில்தான் படித்தார், மணி அடித்ததும் தாளைக் கவிழ்த்தார். அவ்வளவு போதும். தூங்காமல் வண்டி ஓட்டாதீர்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களை, உடம்புக்கும் வீட்டாருக்கும் உரிமை உண்டென்று ஸல்மான் (ரலி) தடுத்தார்கள். ஸல்மான் சொன்னதே சரி என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பட்டம் வந்த மறுமாதமே சம்பளம் ஏறும் என்றும் கணக்குப் போடாதீர்கள். பல இடங்களில் ஏறுவதில்லை. பதவி காலியாக வேண்டும், பரிந்துரை வேண்டும். என் தங்கைக்கு இன்னும் ஏறவில்லை. அவள் படித்ததற்காக வருந்தவும் இல்லை.

புருஷர்களே, காக்காமார்களே! முறை வைப்பதென்றால் இரண்டு பேர் வேண்டும். உமர் (ரலி) போன நாளில் அண்டை வீட்டார் வேலையைப் பார்த்தார், அவர் போன நாளில் இவர்கள் பார்த்தார்கள். மனைவி வகுப்புக்குப் போகிற நாளில் சோறு ஆக்கத் தெரியாது, பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியாது என்று சொல்லுகிறவர் அந்த ஹதீஸில் எந்த வீட்டில் இருக்கிறார்? தங்கையின் வார்டில் அவளும் ஒரு சீனப் பெண்ணும் டியூட்டியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, ஒருத்தி போகிற சனிக்கிழமை மற்றவள் நின்றார்கள். வகுப்பில் சொன்னதை இரவு பத்து மணிக்குப் போனில் ஒருத்திக்கு ஒருத்தி ஒப்பித்தார்கள். ஹதீஸ் தெரியாத அந்தச் சீனப் பெண் ஹதீஸில் உள்ளபடி நடந்தாள்.

கடைசியாகப் பணம். வட்டிக் கடன் வாங்கிப் படிக்க வேண்டிய நிலை நம் பிள்ளைக்கு வரக் கூடாது. ஊழியர் சேமநிதியில் தம் படிப்புக்கென்று எடுக்க வழி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து மூன்றாகப் பிரித்த கணக்கில் செஜாத்ரா என்பதிலிருந்து எடுக்கலாம். ஆனால் அது வயதான காலத்துக்குச் சேர்த்தது. அதைக் காட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ளலாமா?

நம் சங்கத்தில் கல்வி நிதி இருக்கிறது. நானும் வருஷந்தோறும் என்னால் முடிந்ததைக் கொடுக்கிறேன். சென்ற ரமலானில் அதன் விண்ணப்பப் படிவத்தை முதல் தடவையாக முழுதும் படித்தேன். முழு நேர மாணவராக இருக்க வேண்டும், 25 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. யார் எந்தக் காலத்தில் எழுதினார்களோ தெரியாது. கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த இரண்டு வரியின்படி பார்த்தால், கடைத்தெருவிலிருந்து முறை வைத்து வந்த உமர் (ரலி) அவர்களுக்கு நம் நிதியில் ஒரு வெள்ளி கிடையாது.

வருகிற பொதுக்கூட்டத்தில் அந்த இரண்டு வரியையும் நீக்கும்படி தீர்மானம் கொண்டு வந்திருக்கிறேன். ஆதரிக்க ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள், மூன்று கிடைத்திருக்கிறது. எதிர்த்துப் பேச விரும்புகிற பெரியவர்களும் தயவு செய்து கூட்டத்துக்கு வர வேண்டும். கடையில் வந்து பேசினாலும் சந்தோஷம்தான். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். தங்கையோடு வேலை பார்க்கிற ஒரு பெண் இந்த வருஷம் சேர்ந்திருக்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அன்று எங்கள் கடையில்தான். சின்னவன் சென்ற வாரம் கடுகையும் கசகசாவையும் ஒன்றாகக் கலந்துவிட்டான். அதைப் பிரித்துக்கொண்டே பேச முடியாது.